நாற்பத்தைந்தில் ஒரு ஹெவி லைசென்ஸ்

கூட்டங்களில் என்னைப் பார்க்கிற தோழர்கள் மண்புழுவைப் பற்றியோ மூடாக்கைப் பற்றியோ கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள்: "இயற்கை வேளாண்மைக்கு வந்த மனுசன் எதுக்குங்க லாரி ஓட்டப் போனீங்க?" சிலர் கேலியாகக் கேட்கிறார்கள். சிலர் தங்களுக்கும் ஒரு வழி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாவது வகையினர் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், நிலத்தை விற்க மனமில்லாதவர்கள், நஞ்சில்லாமல் விளைவிக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு மாதக் கடைசியில் மளிகைக்கடைப் பாக்கியைப் பார்த்து முழிப்பவர்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு நாமக்கல் மாவட்டத்தில் மானாவாரிக் காடு இரண்டரை ஏக்கர், கிணற்றுப் பாசனத்தில் தோட்டம் ஒன்றரை ஏக்கர். உப்பு உரத்தையும் பூச்சிமருந்தையும் 2020 ஆடியில் நிறுத்தினோம். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பது இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. சின்ன வெங்காயத்தில் விளைச்சல் இறங்கியது, அடுத்து கடலையிலும் இறங்கியது. மண் திரும்பி வர நாளாகும், பொறுத்திருங்கள் என்று நாம் மேடையில் சொல்கிறோம். நாம் பொறுத்திருக்கலாம், சொசைட்டிக் கடன் பொறுத்திருக்காது. தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் மாறும் காலம். அந்தக் காலத்தில் விளைந்ததை இயற்கை விளைபொருள் என்ற முத்திரையோடு விற்க முடியாது. விளைச்சலும் குறைவு, கிடைப்பதும் சாதாரண மண்டி விலைதான். இந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது வீட்டுக்கு வீடு வேறு கதை. சிலர் மாடு பிடித்துக் கட்டுகிறார்கள், சிலர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், சிலருக்குப் பிள்ளைகள் திருப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். எங்கள் ஊரில் கண்ணுக்கு முன்னால் நின்றது லாரிதான்.

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முட்டை. எங்களுக்கு முட்டையும் லாரியும். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகள், சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகள், அந்தப் பக்கம் சங்ககிரி லாரிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் சக்கரத்தை நம்பிப் போனான், அவ்வளவுதான் வரலாறு. (இந்த ஊர் ரிக் வண்டிகள்தான் நாடு முழுக்க ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீரைத் தேடிப் போயின. அது நாம் உட்கார்ந்து பேச வேண்டிய தனிக்கதை.) இளவட்டங்கள் இப்போது இந்த வேலைக்கு வருவதில்லை. பல நாள் வீட்டை விட்டுப் போக யாருக்கும் விருப்பமில்லை, லாரி டிரைவருக்குப் பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். அதனால் குடிக்காமல், நிதானமாக ஓட்டுகிற ஆள் என்றால் லாரி முதலாளிகள் வயதைக் கேட்பதில்லை.

வயதைக் கேட்டது நம் ஆட்கள்தான். "நம்மாழ்வார் ஐயா அரசாங்க வேலையை உதறிட்டு மக்கள்கிட்ட வரலையா, உனக்கு என்ன தயக்கம்?" என்று ஒரு தோழர் உற்சாகப்படுத்தினார். ஐயா 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டபோது முப்பதைத்தான் தாண்டியிருந்தார். முப்பதில் புதிதாகத் தொடங்குகிற உடம்பு வேறு, நாற்பத்தைந்தில் தொடங்குகிற உடம்பு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆர்டிஓ ஆபீஸ் வாசலில்

முதலில் சட்டம். இதில் ஊருக்குள் புரோக்கர்கள் சொல்வது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று.

ஹெவி லைசென்ஸ் எடுக்க 20 வயது முடிந்திருக்க வேண்டும். கையில் கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமம் குறைந்தது ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். எல்எல்ஆர் போட்டால் ஆறு மாதம் செல்லும். போட்ட 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டப் போக முடியும். பயிற்சிப் பள்ளி கொடுக்கும் படிவம் 5, மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ இரண்டும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் முடிக்காத நம் உழவர்கள் பலர் இன்னமும் அதை நம்பிக்கொண்டு விலகி நிற்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். சரக்கு வண்டிக்கான உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சொந்த விளைச்சலை, அல்லது குழுவின் விளைச்சலை, சந்தைக்குக் கொண்டு போவதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஹெவி லைசென்ஸே தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக உரிமத்தை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. அதுவரை விபத்து நடந்தால் "இவரிடம் சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி இல்லை" என்று காப்பீட்டுக் கம்பெனிகள் வழக்காடிக்கொண்டிருந்தன. குட்டி யானையிலிருந்து சின்ன ஈச்சர் வரைக்கும் இந்த எடைக்குள் அடங்கும். வண்டியின் ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை எவ்வளவு என்று போட்டிருக்கும், வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு பர்மிட்டும் வேண்டாம். ஆனால் டிராக்டர் டிரெய்லரில் ஊரார் சரக்கை வாடகைக்கு ஏற்றுகிறவர்கள் கவனமாக இருங்கள். விவசாயப் பயன்பாட்டுக்கென்று காப்பீடு செய்த வண்டியில் வாடகை லோடு ஏற்றிப் போய் ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீடு உங்கள் தலையில் விழும்.

நான் ஹெவி எடுத்தது சந்தைக்காக அல்ல, சம்பளத்துக்காக. 2021 கடைசியில், நாற்பத்தைந்து வயதில், இருபது வயதுப் பையன்களோடு வரிசையில் நின்றேன். நாமக்கல்லில் அசோக் லேலண்டு நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. இடம் கிடைத்தால் இந்த மாதிரி இடத்தில் தங்கிப் படிப்பதே நல்லது. தோட்டத்தில் வெங்காயம் நின்றதால் என்னால் தங்க முடியவில்லை. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன்.

டிராக்டர் கால்

பயிற்சி கொடுத்தவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். நான் அவரை வாத்தியார் என்றேன், அவர் என்னை "ங்ணா" போட்டுத்தான் கூப்பிட்டார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஏனுங்ணா, உங்குளுக்கு டிராக்டர் கால் இருக்குது. அது நல்லதுதானுங், ஆனா அத இங்க கொண்டாராதீங்."

டிராக்டர் கால் என்றால் என்ன? இருபது வருசம் உழவு ஓட்டியவனுக்கு கிளட்ச் பழக்கம், எடையை உணர்கிற பழக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் டிராக்டரில் கைத்திராட்டிலை ஓர் இடத்தில் வைத்துவிட்டால் வண்டி தன்பாட்டுக்குப் போகும். பிரேக் வலது இடது என்று பிரிந்து கிடக்கும், வரப்போரம் திருப்ப ஒரு பக்கம் மட்டும் மிதிப்போம். காலை உடனே எடுத்தால் உடனே நிற்கும். லாரி அப்படி இல்லை. மிதித்தால் காற்றழுத்தம் குழாய் வழியாகப் போய் பிரேக்கைத் தள்ளுவதற்கு ஒரு கணம் பிடிக்கும். பத்து சக்கர டாரஸ் என்றால் லோடோடு 28.5 டன் வரை சட்டமே அனுமதிக்கிறது. அந்த எடை நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைக் கால் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. பையன்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ரிவர்ஸில் மட்டும் நான் முந்திக்கொண்டேன். டிரெய்லரைப் பின்னால் தள்ளிப் பழகிய கை அது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆழமாகப் பதிந்தது இறக்கம் ஓட்டுவது. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பேர் தெரியும். பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போன நாலைந்து வண்டிகளை அள்ளிக்கொண்டு போனது என்று வருகிற செய்திகளில் அடிக்கடி வரும் இடம். அங்கே ஏன் அப்படி நடக்கிறது என்பதை வாத்தியார் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திச் சொன்னார்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டுவார்கள். கியரில் இருக்கும்வரை என்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டதும் அந்தப் பிடி போய்விடும். முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். திரும்பத் திரும்ப மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், சூடேறினால் டிரம் விரியும், லைனர் வழுக்கும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. கருகின வாசம் மட்டும் வரும். என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிற ஆட்களும் உண்டு. அப்போது கம்ப்ரசர் ஓடாது, பிரேக்குக்கு வேண்டிய காற்றும் ஏறாது. இதில் இன்னொரு வேடிக்கை: இப்போது வருகிற வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். ஆக, உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது ஒன்றுமே இல்லை.

"ஏறறதுக்கு எந்த கியருங்ணா போடுவீங்? எறங்கறதுக்கும் அதே கியருதானுங்" என்றார் வாத்தியார். கீழ் கியர், எக்ஸாஸ்ட் பிரேக், கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவது. இதை வைத்துத்தான் பிறகு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மிளகு மூட்டையோடு இறங்கினேன். மலைக்குப் போய் விளைபொருள் எடுக்கிற நம் குழுக்காரர்கள், சின்ன வண்டிதானே என்று நினைக்காமல் இதை மனதில் வையுங்கள். சின்ன வண்டிக்கும் டிரம் சூடேறும்.

உடம்பு

மருத்துவரிடம் படிவம் வாங்கப் போனபோதுதான் எனக்குப் பார்வை மங்கியிருப்பது தெரிந்தது. காட்டில் அது தெரியவே தெரியாது. கண்ணாடி போட்டதும் பலகை தெரிந்தது, ராத்திரியில் எதிர்வண்டி வெளிச்சம் கூசியது. அதற்குத் தகுந்த மாதிரி வேறு கண்ணாடி வாங்கினேன். நாற்பது தாண்டியவர்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் மூன்றையும் பார்க்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நெடுந்தூர வண்டியை யோசிக்கவே வேண்டாம் என்பேன். சாப்பாட்டு நேரம் தவறி, சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஓட்டுகிறவர் மட்டும் போகமாட்டார்.

தூக்கம்தான் பெரிய சண்டை. உழவனின் உடம்பு நாலு மணிக்கு எழுந்து பழகியது. லாரிக்காரனின் உடம்பு நாலு மணிக்கு ஓட்டியாக வேண்டும். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்துக்குள்தான் கண் இருட்டிக்கொண்டு வரும். டீயோ பாட்டோ அதற்கு மருந்தில்லை. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் படுப்பது ஒன்றுதான் வழி. ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதற்குள் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சாலையில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். 2025 அக்டோபருக்கு மேல் செய்யப்படும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நான் ஓட்டியதெல்லாம் பழைய வண்டிகள். சித்திரையில் கேபினுக்குள் என்ஜின் சூடு முழங்காலைச் சுடும். வழியில் ஒன்றுக்குப் போக இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, கல்லடைப்பில் படுத்த ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். காட்டிலிருந்து கொண்டு போன கம்மங்கூழும் மோரும்தான் என்னைக் காப்பாற்றின. மற்றவர்கள் கிண்டல் பண்ணினார்கள், அப்புறம் பங்கு கேட்டார்கள்.

பொட்டாஷ் மூட்டை

லைசென்ஸ் வந்ததும் ஒரு முதலாளியிடம் இரண்டாவது டிரைவராகச் சேர்ந்தேன். மூத்த டிரைவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். கர்நாடகாவில் தாவணகெரே, ஹாவேரி பக்கமிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வருவோம். நாமக்கல் கோழி தின்பது பெரும்பாலும் அந்தச் சோளம்தான். மைல் கணக்கில் வேறு பயிரே இல்லாமல் மக்காச்சோளம் மட்டும் நிற்கிற காடுகளைக் கேபின் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு போவது ஒரு படிப்பு. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் விலை விழுந்த நாட்களில் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியையும் அப்படித்தான் பார்த்தேன். உணவு எங்கே விளைந்து எங்கே போகிறது, யார் யார் கையில் விலை ஏறுகிறது என்று பயிற்சி முகாமில் கேட்டது ஒன்று, எடை போட்டு ஏற்றி இறக்கிப் பார்த்தது இன்னொன்று.

மூன்றாம் மாதம் தூத்துக்குடித் துறைமுகத்தில் லோடு போட்டார்கள். ஐம்பது கிலோ மூட்டையில் பொட்டாஷ். இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் எல்லாமே வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது. அதை எங்கள் மாவட்டத்துக் கிடங்குக்கே கொண்டுவந்து இறக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டார்: "நம்ம காட்டுக்கு வேண்டாம்னு விட்டதக் கொண்டாந்து ஊருக்கே எறக்கிட்டு வந்தயா, சாமி?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் இணையர்தான் பேசினார்: "அந்த வாடகைப் பணத்துலதானுங்க அத்தை பலதானிய விதை வாங்கிருக்குது." இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இதழ் படிக்கிற தோழர்களில் சிலருக்கு இதைக் கேட்டதும் கோபம் வரும், வரட்டும். ஓட்டுநருக்கு லோடைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. முதலாளியும் புரோக்கரும் போனில் பேசி முடிப்பது அது. பூச்சிமருந்துப் பெட்டிகள் வந்தபோது மட்டும் முதலாளியிடம் சொல்லி வேறு வண்டிக்கு மாறிக்கொண்டேன். இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார், மூன்றாம் தடவை முகம் சுளித்தார். வாடகையில் பங்கும் படியும் சேர்த்து மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வீட்டுக்கு வந்தது. இரண்டரை வருசம் ஓட்டினேன். அதற்குள் சொசைட்டிக் கடன் அடைந்தது, கிணற்று மோட்டார் மாறியது, இரண்டு மாடு வந்தது. நிலம் கைமாறாமல் நின்றது.

அந்த இரண்டரை வருசமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டது என் இணையர். பலதானியம் விதைத்து மடக்கி உழுதது, மூடாக்குப் போட்டது, அமுதக்கரைசல் கலக்கியது, ஆள் பிடித்துக் களையெடுத்தது எல்லாம் அவர். நான் பத்து நாளைக்கு ஒருமுறை வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டு வண்டியேறினேன். எந்த வரப்பில் மண் கறுத்து வருகிறது என்று இன்றைக்கும் என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வீட்டில் நிலத்தைத் தாங்க ஆள் இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வந்தால் நிலம் ஒன்றிரண்டு வருசத்தில் குத்தகைக்குப் போய்விடும். குத்தகைக்காரர் உப்பு போடுவார். மாறும் காலம் மறுபடி முதலிலிருந்து.

குழுவுக்கு ஒரு வண்டி

2024இல் எங்கள் உழவர் குழு பழைய ஈச்சர் ஒன்றை வாங்கியது. அதுவரை சென்னை, சேலம் இயற்கை அங்காடிகளுக்குப் பார்சல் லாரியில் போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். பார்சல் லாரியில் நம் கேழ்வரகு மூட்டைக்கு மேல் என்ன மூட்டை ஏறும் என்று யாருக்கும் தெரியாது. அடியில் முந்தின லோடு சிந்தின உரமா, மருந்தா என்றும் தெரியாது. தானியக் கிடங்குகளில் பூச்சிக்குப் போடும் நச்சுவாயு மாத்திரைத் தூள் சாக்கோடு வருவதை நானே கண்டிருக்கிறேன். நாம் மூன்று வருசம் பாடுபட்டு நஞ்சில்லாமல் விளைவித்தது ஒரே ராத்திரியில் லாரிக்குள் கெடுவதற்கு வழி இருக்கிறது. சான்றிதழ்க்காரர்கள் வண்டி கழுவிய விவரத்தைக் கேட்பதன் காரணம் இதுதான். எங்கள் வண்டியில் உரமும் மருந்தும் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு லோடுக்கும் முன் பாடியைக் கூட்டிக் கழுவிக் காயவைத்து, சுத்தமான படுதா விரித்து, தேதி போட்டு நோட்டில் எழுதுகிறோம்.

கணக்கு இப்படி. எங்களூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர், போக வர 700. வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால் 87.5 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 8,050 ரூபாய். சுங்கம், ஓட்டுநர் படி, டயர் தேய்மானம், காப்பீடு, தவணை எல்லாம் சேர்த்து நடைக்கு இன்னொரு 9,000 ரூபாய் ஆகிறது. மொத்தம் 17,050. மூன்றரை டன் ஏற்றினால் கிலோவுக்கு 4 ரூபாய் 87 காசு. ஒரு டன்னோடு போனால் கிலோவுக்கு 17 ரூபாய். முப்பது ரூபாய்க் காயில் 17 ரூபாய் சாலைக்குப் போனால் உழவனுக்கு என்ன மிஞ்சும்? இயற்கை விளைபொருள் விலை அதிகம் என்று வாங்குகிறவர் சொல்கிறார், எங்களுக்கு ஒன்றும் நிற்கவில்லை என்று விளைவிக்கிறவர் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் பாதி காலியாக ஓடும் வண்டி இருக்கிறது. அதனால் வண்டி வாங்குவதற்கு முன் லோடைச் சேருங்கள். நாலு ஊர் குழுக்கள் சேர்ந்து ஒரே நாளில் அறுக்கிற மாதிரி விதைப்பைத் திட்டமிட்ட பிறகே எங்கள் வண்டி நிரம்பியது. அதற்காக அளவுக்கு மேல் ஏற்றவும் கூடாது. அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியும் இ-வே பில்லும் கிடையாது, ஆனாலும் ஏற்றிய விவரச் சீட்டு ஒன்று ஓட்டுநர் கையில் இருக்கட்டும்.

ஏற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏறணும். பட்டறை போட்டுக் காயவைக்காத சின்ன வெங்காயத்தைப் படுதாவுக்குள் அடைத்தால் சென்னை போவதற்குள் வியர்த்து, மேல் மூட்டை நனைந்துவிடும். வலைச் சாக்கில் போட்டு, வரிசைக்கு நடுவே கை நுழையும் இடைவெளி விட வேண்டும். தக்காளிப் பெட்டிகளைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கவே கூடாது, அங்கேதான் தூக்கிப் போடும். முருங்கைக்காயும் கீரையும் கடைசியாக, மேலே. சாயங்காலம் கிளம்பினால் விடிவதற்குள் சென்னையில் இறக்கிவிடலாம். காலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டியை நகரத்துக்குள் விடமாட்டார்கள்.

இப்போது மாதத்தில் எட்டு நாள் குழுவின் வண்டி, மீதி நாள் காடு. குழுவில் இன்னும் மூன்று பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் பெண், முப்பத்தெட்டு வயது, டிராக்டர் ஓட்டுகிறவர். அவரிடமும் அதே டிராக்டர் கால்.

சென்னைக்கு நிரம்பிப் போகிற வண்டி திரும்பும்போது பாதி காலியாக வருகிறது. அந்தப் பகுதிக் குழுக்கள் சேலம், நாமக்கல் பக்கம் அனுப்ப வேண்டியது ஏதாவது இருந்தால் இயக்கத்தின் மூலம் சொல்லி அனுப்புங்கள். காலிப் பெட்டியோ, விதையோ, செக்குப் புண்ணாக்கோ எதுவானாலும் சரி. வேப்பம்புண்ணாக்கு என்றால் இன்னும் சந்தோசம், எங்களுக்கே முப்பது மூட்டை வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி கிளம்புவோம், புதன் மதியம் திரும்புவோம். உரமும் மருந்தும் மட்டும் ஏற்றமாட்டோம்.